ஆய்வுக்கு வந்தவர் சிரிக்கவில்லை

மாவட்டத்திலிருந்து ஆய்வுக்கு வந்த அதிகாரி ராஜாராம், வந்ததிலிருந்து "ம்" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. டாக்டர் சசிரேகா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உத்திரமேரூர்ப் பக்கம் இருந்த அந்தச் சின்ன ஆரம்ப சுகாதார நிலையத்தில், மழைக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வார்டு திறக்க வேண்டும். அவர் சரி என்றால்தான் நடக்கும். போன மழையில் டெங்கு வந்தவர்களையெல்லாம் செங்கல்பட்டுக்கு அனுப்பிவிட்டுத் தூக்கமில்லாமல் கிடந்தவள் சசிரேகா. இந்த வருஷம் கட்டில், கொசுவலை, குளுக்கோஸ் பாட்டில் எல்லாம் தயார். சுற்றிக் காட்டியபோதும் "ம்"தான். இப்போது நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா டாக்டரம்மா, சாரு உர்ருனு குந்திகினு கீறாரு?" பஞ்சாயத்துத் தலைவி அம்முலு கதவோரம் கிசுகிசுத்தாள்.

"தெரியலைங்க. எதுவோ பிடிக்கலை."

"புய்க்கமா கீதுல்ல, அதான்."

அம்முலு ஃபேனை முழு வேகத்தில் வைத்தாள். ராஜாராம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "நிறுத்துங்க" என்றார்.

அடுத்து இளநீர் வந்தது. ஒரு மடக்கு குடித்து ஓரமாக வைத்துவிட்டார். அம்முலு தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"இளநிக் கூட்டுல தண்ணி நின்னா கொசு முட்ட வைக்கும்னு போன மீட்டிங்குல அவருதான சொன்னாரு? அத்தையே அவரு கைல குடுத்துக்கீறோம்."

இளநீரைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடி, பள்ளம் தோண்டிப் புதைத்துவிட்டு வந்தாள்.

"இனிமே எதுவும் பண்ணாதீங்க" என்றாள் சசிரேகா.

"ஒண்ணே ஒண்ணு. பஞ்சாயத்துல புதுசா வாங்கின கொசுப் பொக மெஷினக் காட்டிடலாம். மனுசன் குளுந்துடுவாரு."

வாசலில் மெஷினைப் போட்டார்கள். காற்று திரும்பியது. புகை முழுவதும் உள்ளே வந்தது. கலைந்தபோது ராஜாராம் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கண்கள் மிளகாய்ப்பழம் மாதிரி சிவந்திருந்தன.

மிச்சம் இருந்தது ஒத்திகை ஒன்றுதான். டெங்கு நோயாளி வந்தால் எவ்வளவு சுருக்காகக் கவனிக்கிறார்கள் என்று செய்து காட்ட வேண்டும். நோயாளியாக நடிக்க ஒத்துக்கொண்டவன் கோபால், பஞ்சாயத்துத் தண்ணீர் டேங்க்கைப் பார்த்துக்கொள்பவன். லேசாக முனகினால் போதும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அவனோ ஸ்ட்ரெச்சர் உள்ளே நுழையும்போதே, "என் புள்ளிங்கள யாரு பாப்பாங்கோ" என்று கட்டடம் அதிர அலறினான்.

ராஜாராம் கண்ணை மூடிக்கொண்டு, "மெதுவாப்பா" என்றார்.

ரத்தம் எடுக்க லேப் டெக்னீஷியன் தானியேல் சிரிஞ்சோடு வந்தான். கோபாலின் அலறல் நின்றது.

"நெஜ ஊசியா? இத்த யாரும் சொல்லவே இல்லியே."

அடுத்த நொடி ஸ்ட்ரெச்சர் காலி. காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ குதிக்கும் சத்தம் கேட்டது.

தானியேல் சிரிஞ்சும் கையுமாக நின்றான். ராஜாராம் மெல்லச் சட்டையை மடித்துவிட்டுக் கையை நீட்டினார்.

"என்கிட்ட எடுங்க."

சசிரேகா அதைத் தண்டனையாகவே எடுத்துக்கொண்டாள். இதைவிட ஒரு மனிதர் எப்படிக் குத்திக் காட்ட முடியும்? தானியேல் ரத்தம் எடுத்துக்கொண்டு லேபுக்குள் மறைந்தான். அவளும் அம்முலுவும் வெளியே ஆம்புலன்ஸ் பக்கம் ஒதுங்கினார்கள்.

"உன்ன வேற ஊருக்குத் தூக்கிட்டா இன்னா பண்றது டாக்டரம்மா?"

"நான் போனா போறேன். வார்டு போயிடுமே."

"நான் வோணா கால்ல வுயுந்துடட்டா? எல்லாம் என்னாலதான்."

"வேணாங்க. நானே மன்னிப்புக் கேக்கறேன்."

என்ன சொல்வது என்று வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு படியேறியபோது, லேபிலிருந்து தானியேல் வேகமாக வந்தான்.

"சாருக்கு ரொம்பக் கோவமா தானியேல்?"

கையிலிருந்த டெஸ்ட் அட்டையை அவன் அவள் பக்கம் திருப்பினான்.

"கோவம் இல்ல மேடம். டெங்கு."