குளியலறை இல்லாத வீடு

வீட்டை இடிக்க விடமாட்டேன் என்று சபதம் செய்தேன். மனதுக்குள்தான். சத்தமாகச் செய்தால் நோரீன் காதில் விழும்.

நோரீன் என் மனைவி. வீடு என் முப்பாட்டன் கட்டியது. கிளேர் மாவட்டத்தில், வரிசையாக மூன்று அறை. நடுவில் அடுப்படி, கிழக்கே படுக்கையறை, மேற்கே மேற்கு அறை. இரண்டடிக் கனத்தில் கல்சுவர், வைக்கோல் கூரை, ஓர் ஆட்டுத்தலை நுழையும் அளவுக்கு ஜன்னல்கள். வாசலில் பாதிக் கதவு. மேல் பாதியைத் திறந்தால் வெளிச்சம் வரும், கீழ்ப் பாதியை மூடினால் கோழி வராது. குளிப்பது அடுப்படியில், தகரத் தொட்டியில். மற்றதற்கெல்லாம் கொல்லைப்புறக் கொட்டகை.

மேற்கு அறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் மகன் கல்யாணம் பண்ணி வந்தால், பழைய ஆட்கள் மேற்கு அறைக்குப் போய்விட வேண்டும். யாரும் போகச் சொல்ல மாட்டார்கள். நோரீன் வந்த அன்று என் அப்பா தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தானாகவே போனார். மூன்று வருடம் கழித்து அங்கிருந்து கல்லறைக்குப் போனார்.

அதன் பிறகு நோரீன் ஆரம்பித்தாள். சுவரெல்லாம் ஈரம், மார்ச் வரைக்கும் தனக்கு இருமல், வெந்நீர்க் குளியலறையோடு ஒரு புது வீடு வேண்டும். ஒரு பண்ணைக்கு ஒரு வீடுதான் என்பது எங்கள் கவுன்சிலின் விதி. ஆகவே பழையதை இடிக்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் இதுவரை யாருக்கும் ஒரு பயனும் இல்லை. இப்போது பயன்படுத்தினேன். கவுன்சிலின் பாரம்பரியப் பிரிவுக்கு ரகசியமாகப் பதினோரு பக்கம் எழுதினேன். வீடு அவர்கள் பட்டியலில் ஏறிவிட்டால் ஒரு கல்லைக்கூட அசைக்க முடியாது. எழுத எழுத எனக்கே கண் கலங்கியது. 'நான்கு தலைமுறைகளாக ஒரு குளியலறைகூட இவ்வீட்டின் வடிவத்தைக் கெடுத்ததில்லை' என்ற வரியை மட்டும் மூன்று முறை திருத்தினேன்.

திருமதி கெல்லிஹர் என்ற அதிகாரி பார்வையிட வந்தார். ரகசியம் உடைந்தது. நோரீன் கோபப்படவில்லை. தேநீர் போட்டாள், சோடா ரொட்டி வெட்டினாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

"அடுப்பு தினமும் எரியுதா?" என்று கேட்டார் அதிகாரி. "ஒரு வாரம் அணைஞ்சாக்கூடக் கூரை அழுக ஆரம்பிச்சிடும்."

"எங்க முப்பாட்டன் ஏத்தின நெருப்புங்க. படுக்கிறப்ப சாம்பல் போட்டு மூடுவோம், காலைல கிளறுவோம். என் உயிர் இருக்கிற வரைக்கும் நானே பாத்துப்பேன்."

"அதையும் எழுதிக்கோங்க," என்றாள் நோரீன், வெண்ணெயை நகர்த்தியபடி. "கையெழுத்தும் வாங்கிக்கோங்க."

போட்டேன். தலைநிமிர்ந்து போட்டேன்.

வீடு பட்டியலில் ஏறியது. பக்கத்துப் பண்ணை மாலக்கி கைகொடுத்தான். பொண்டாட்டியை ஜெயித்த ஆளை இப்போதுதான் நேரில் பார்க்கிறானாம். ஒரு வாரம் பாதிக் கதவில் முழங்கையை ஊன்றி, சாலையில் போகிறவர்கள் பார்க்கும்படி நின்றேன்.

எட்டாவது நாள் கவுன்சிலிலிருந்து இன்னொரு கடிதம், நோரீன் பெயருக்கு. பழைய வீட்டை இடிக்கவும் கூடாது, அதில் குளியலறை சேர்க்கவும் கூடாது என்பதால், அதற்குக் கிழக்கே உருளைக்கிழங்குத் தோட்டத்தில் இரண்டாவது வீடு கட்ட விசேஷ அனுமதி. ஆதாரமாக அவள் இணைத்திருந்தது என் பதினோரு பக்கம். அதிகாரியிடமே நகல் கேட்டு வாங்கியிருக்கிறாள். குளியலறை வரிக்குக் கீழே சிவப்புக் கோடு.

"ரொம்ப நல்லா எழுதியிருந்த, கோல்மன்," என்றாள். "படிச்சவங்களுக்கெல்லாம் என்மேல பாவமாப் போச்சாம்."

அடுத்த கோடைக்குள் வீடு எழுந்தது. குடிபோன அன்று டிராக்டரிலிருந்து சாமான்களை நான்தான் இறக்கினேன். கட்டில், பீரோ, பாத்திரங்கள், அவள் தலையணை. என் தலையணையைக் காணோம்.

"அது அங்கயே இருக்கட்டும்," என்றாள். "அடுப்பை யாரு பாத்துப்பா? கையெழுத்து போட்டது நீதானே."

"அங்க நான் தனியாவா?"

"தனியா என்ன தனியா. இங்கிருந்து மேற்கால அறுபது அடி."

போய்ப் பார்த்தேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தலையணை மேற்கு அறையில், அப்பாவின் கட்டிலில், அப்பா தலைவைத்த பக்கம்.

எனக்கு வயது முப்பத்தொன்று.