ரம்ப மேடையும் ஒரு பொடி டப்பியும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷத்து விபூதிப் புதனன்று, ஆவூர்க் கோயிலிலிருந்து நெற்றியில் சாம்பலோடு திரும்பிய சந்தனராஜ் வாத்தியார், வாசலிலேயே நின்று ஒரு பிரதிக்கினை செய்தார். சாமானியப் பிரதிக்கினை அல்ல. இருபது வருஷம் மூக்குப்பொடிக்கு அடிமையாய் இருந்த ஒரு மனிதரின் பிரதிக்கினை.

"அடைக்கலம், கேட்டுக்கொள்! இந்த நாற்பது நாள் தபசுகாலம் முடிந்து, ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாள் விடிகிற வரையில் வீட்டிலோ, வீதியிலோ, பள்ளிக்கூடத்திலோ, கோயில் வளாகத்திலோ, கிணற்றங்கரையிலோ நான் பொடி தொடமாட்டேன்!"

அவருடைய மனைவி அடைக்கலமேரி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நிற்கவில்லை.

"இம்புட்டு எடத்தை எதுக்குச் சொல்றீங்க? தொடமாட்டேன்னு மட்டும் சொன்னாப் பத்தாதா?"

"சபதம்னா விலாவாரியா இருக்கணும்."

"சரிங்க. தொடாம இருந்துட்டா, கொல்லை அறை ஒங்களுக்கு. பட்டறை பட்டறைன்னு பாட்டாப் பாடுறீங்களே, அதை அங்கிட்டு வச்சுக்கங்க. தொட்டுட்டீங்கன்னா அறை எனக்கு. என் மிஷினை வச்சுக்கிறேன்."

"சம்மதம்!" என்றார் வாத்தியார். அண்டை வீட்டுக் கோழிகள் திரும்பிப் பார்த்தன.

அந்த மிஷின், கண்டியிலிருந்து அவளுடைய அண்ணன் கொண்டுவந்த கைச்சுற்றுத் தையல் மிஷின். கப்பலில் வந்தபோதே அதன் அடிப்பலகை உடைந்துபோனது. ஒரு மேசை செய்து அதில் பதித்தால்தான் தைக்கலாம். "அடுத்த மாசம் செய்யச் சொல்றேன்" என்று வாத்தியார் சொல்ல ஆரம்பித்து இரண்டு வருஷமாயிற்று. மிஷின் பழைய சேலை ஒன்றைப் போர்த்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தது. ஊர்ப் பெண்பிள்ளைகள் நாலு பேருக்குத் தையல் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்ற அவளுடைய ஆசையும் அதே சேலைக்குள்தான் இருந்தது.

வாத்தியாருக்கோ வேறு ஆசை. கையால் உழைக்காதவன் பாதி மனிதன் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் போதிப்பவர் அவர். சொந்தக் கையால் ஓர் ஆணிகூட அடித்தறியாதவரும் அவரே. இனி அந்தக் குறை இருக்கலாகாது! இயேசுவை வளர்த்த சூசையப்பரே தச்சர் அல்லவா? தபசுகாலத்தில் அவரைப் பின்பற்றாமல் வேறு எப்போது பின்பற்றுவது?

சனிக்கிழமை திருச்சிக்குப் போய், ஏலத்தில் ஒரு ரம்பம் எடுத்தார். கிட்டத்தட்ட அவர் உயரம் இருந்தது ரம்பம். கீரனூர் பஸ்ஸில் அதை மடியில் கிடத்திக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி குலுங்கும்போதெல்லாம் அதன் பற்கள் முன் வரிசைக்காரர்களின் பிடரியை விசாரித்தன. கீரனூர் வருமுன்பே முன் வரிசை காலியாகிவிட்டது. கண்டக்டர் ரம்பத்துக்கு அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

"இதை எங்க வைப்பீங்க?" என்றாள் அடைக்கலமேரி.

"எங்க வைக்கிறதா? அதுக்குன்னு மேடை செய்யப் போறேன்! ரம்ப மேடை! மேலே கட்டையை வச்சு அறுக்கலாம். பக்கத்துல ரம்பத்தைச் செருகி வைக்கலாம். கீழே ரெண்டு இழுப்பறை. ஒண்ணுல உளி, சுத்தியல். ஒண்ணுல ஆணி. எல்லாம் ஒரே இடத்துல!"

"யாரு செய்யப் போறா?"

"நான்!"

அடைக்கலமேரி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவர் தப்பித்திருப்பார்.

"செய்யுங்க, செய்யுங்க" என்றாள் அன்பாக.

பந்தயம் ஜெயித்தால்தான் அறை அவருக்கு. ஆனால் வாத்தியாருடைய உற்சாகம் பாஸ்கு வரை காத்திருக்கக்கூடியதா? திங்கட்கிழமையே பூவரசம் பலகைகள் கொல்லை அறைக்கு வந்துவிட்டன. பள்ளிக்கூடம் விட்டதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரம்பத்தைப் பிடித்தார். முதல் இழுப்பில் பலகை நகர்ந்தது. இரண்டாம் இழுப்பில் வாத்தியார் நகர்ந்தார். மூன்றாம் இழுப்பில் மரத்தூள் பறந்தது. உடனே வந்தது தும்மல்!

அது என்ன தும்மல்! ஒன்றா, இரண்டா? தூள் ஒரு சிட்டிகை பறந்தால் தும்மல் ஒரு டஜன். அண்டை வீட்டுக் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. ஒரு வாரம் இப்படியே போயிற்று. வாத்தியாருடைய மூக்கு, பழுத்த மிளகாய்போல் ஆயிற்று.

இழைப்புளி இரவல் கொடுக்க வந்த தச்சர் செபமாலை இந்தக் கோலத்தைப் பார்த்தார்.

"என்ன வாத்தியாரையா, மூக்கை இப்படிக் காயப்போட்டிருக்கீங்க?"

"தபசுகாலம், செபமாலை. பொடியை விட்டுட்டேன்."

"அதான் தும்முறீங்க! பொடி போடாத தச்சனை நீங்க எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? பொடி போட்ட மூக்குல தூள் ஏறாது. அது எங்களுக்குப் பழக்கமில்லைங்க, மருந்து."

மருந்து! அந்தச் சொல் வாத்தியாருடைய இருதயத்தில் விளக்கேற்றியது. அவர் தமது சபதத்தை ஒருமுறை நினைவுகூர்ந்தார். வீடு, வீதி, பள்ளிக்கூடம், கோயில் வளாகம், கிணற்றங்கரை. கொல்லை அறை? கொல்லை அறைக்குத் தனிக்கூரை, தனிக்கதவு. ஆகவே அது வீடு ஆகாது. அது சபதத்தில் எங்குமே இல்லை! விலாவாரியாகச் சபதம் செய்வதில் எத்தகைய நன்மை இருக்கிறது என்று வியந்தார்.

மறுநாள் செபமாலை மூலமாக ஒரு பொடி மட்டை வந்தது. மட்டையைப் பிரித்துப் பழைய டப்பியில் தட்டினார். டப்பி நிரம்பியது. ஒரு சிட்டிகை எடுத்தார். ஆகா! கண்ணில் நீர் வந்தது, தும்மல் வரவில்லை.

இனி டப்பியை எங்கே வைப்பது? அங்கேதான் வாத்தியாருடைய மேதாவிலாசம் வெளிப்பட்டது. மேடைக்குக் கால் பூட்டுமுன்பே இடது இழுப்பறையை முடித்தார். அதன் பின்பக்கம், பலகைத் தடுப்பு ஒன்று வைத்து, உள்ளே ஓர் இரகசிய அறை. ஒரு சிறு முளையை அழுத்தினால் தடுப்பு சாயும். டப்பி தரிசனம் தரும்.

வாசகர்களே, ஒரு குடியானவன் இருந்தான். தன் கீரைப்பாத்தியை ஆட்டிடமிருந்து காக்க விரும்பி, இரவும் பகலும் பாடுபட்டு, எலியும் நுழையாத வேலி ஒன்றைக் கட்டினான். கட்டி முடித்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே திரும்பினான். ஆடு பாத்தியின் நடுவில் நின்று மென்றுகொண்டிருந்தது. நம்மில் எத்தனை பேர் ஆட்டை உள்ளே வைத்தே வேலி கட்டுகிறோம்! வேலியின் அழகைப் பாராட்டுமுன் ஆடு நிற்கும் இடத்தைப் பாருங்கள்.

வாத்தியார் பார்க்கவில்லை. அவர் வேலியின் அழகில் இருந்தார்.

இரண்டு நாள் கழித்து அவருக்கே ஓர் ஐயம் எழுந்தது. திடீரென்று தும்மல் நின்றுபோனால் அடைக்கலம் என்ன நினைப்பாள்? ஆகவே இடையிடையே தாமாகத் தும்ம ஆரம்பித்தார். "ஹச்சூ!" என்று அடிவயிற்றிலிருந்து ஒன்று, பிறகு கொஞ்சம் அறுப்பு, பிறகு ஒன்று.

"தூள் ரொம்பத் தொந்தரவு பண்ணுதோ?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் அடைக்கலமேரி. கையில் கூடை. மரத்தூளைத் தினமும் அள்ளி அடுப்புக்குக் கொண்டுபோவாள்.

"ஹச்சூ! உயிரை வாங்குது!"

"பாவம். ஏங்க, நின்னுக்கிட்டே அறுக்குறீங்களே, முழங்கால் என்னத்துக்கு ஆகும்? நாற்காலி போட்டு உக்காந்து அறுக்கிற மாதிரி, மேடையைக் கொஞ்சம் தணிச்சுச் செய்யக்கூடாதா?"

"உக்காந்து அறுக்கிறதா?"

"காலை நீட்டிக்கிறதுக்கு அடியில எடம் விட்டுட்டா, சுகமா இருக்கும்ல."

வாத்தியார் யோசித்தார். நல்ல யோசனையாகத்தான் பட்டது. கால்களில் ஒரு சாண் குறைத்தார்.

அடுத்த வாரம் மற்றொரு யோசனை வந்தது.

"தூள் தரையெல்லாம் கொட்டி வீணாப் போகுதுங்க. மேல்பலகையில நீளவாக்குல ஒரு பள்ளம் வெட்டி, நடுவுல துவாரம் விட்டீங்கன்னா, தூளு வலது பக்க இழுப்பறைக்குள்ள தானா விழுந்துரும். நான் அப்படியே எடுத்துக்குவேன்."

"பள்ளம் எம்புட்டு அகலம்?"

அவள் முந்தானையிலிருந்து முடிச்சுப் போட்ட நூல் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "சும்மா ஒரு உத்தேசமா அளந்து வச்சேன். நீளத்துக்கு இந்த முடிச்சு. அகலத்துக்கு இது."

தம் மனைவிக்குத் தச்சுவேலையில் உண்டாகியிருக்கும் ஆர்வத்தைக் கண்டு வாத்தியார் உள்ளம் குளிர்ந்தார். முடிச்சுக்கு முடிச்சு பிசகாமல் வெட்டினார். கையெல்லாம் கொப்புளம். ஆனாலும் என்ன ஆனந்தம்! ஒரு சிட்டிகை பொடி. ஒரு முழம் அறுப்பு. பொடி இல்லையேல் பட்டறை இல்லை. பட்டறை இல்லையேல் பொடி இல்லை. நாளுக்கு நாள் மேடை வளர்ந்தது.

இன்னோர் அதிசயமும் நடந்தது. டப்பியில் பொடி குறையவே இல்லை! நாலு வாரம் கழித்தும் முக்கால் டப்பிக்குக் கீழே இறங்கவில்லை. வாத்தியாருக்கு முதலில் வியப்பு, பிறகு பெருமை. 'நான் எவ்வளவு மிதமாகப் போடுகிறேன்! இதுவல்லவா இந்திரிய அடக்கம்!' ஐந்தாம் வகுப்பில் அன்று மிதத்தின் மேன்மையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். பிள்ளைகள் மிதமாகக் கேட்டார்கள்.

பெரிய சனிக்கிழமை பிற்பகலில் மேடை முடிந்தது. கால் ஆடவில்லை. இழுப்பறை சிக்கவில்லை. எண்ணெய் தேய்த்த மேல்பலகையில் முகம் தெரிந்தது. வாத்தியார் இரண்டு முறை அதைச் சுற்றி வந்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டார்.

"அடைக்கலம்! வந்து பாரு! விடிஞ்சா பாஸ்கு. அறையும் எனக்கு, மேடையும் எனக்கு!"

அவள் வந்தாள். மேல்பலகையைத் தடவினாள். உண்மையிலேயே கண் கலங்கினாள். "ரொம்ப நல்லா இருக்குதுங்க. சத்தியமா, இம்புட்டு நல்லாச் செய்வீங்கன்னு நான் நெனைக்கலை."

வாத்தியார் பூரித்தார். அவள் இடது இழுப்பறையை வெளியே இழுத்து, விரலால் அளந்தாள்.

"வெளிப்பக்கம் பதினெட்டு விரக்கடை. உள்பக்கம் பன்னெண்டு. பாக்கி ஆறு எங்கிட்டுப் போச்சு?"

"பலகை... பலகையோட கனம்."

"ஆறு விரக்கடைப் பலகையா? கோயில் கதவே அம்புட்டுக் கனம் இல்லையே."

முளையை அழுத்தினாள். தடுப்பு சாய்ந்தது. டப்பி தரிசனம் தந்தது.

வாத்தியாருடைய கை டப்பியை மறைக்க நீண்டது. ஆனால் இருபது வருஷம் வகுப்பு நடத்திய நா அல்லவா! உடனே நிமிர்ந்தார்.

"நீ பாப்பேன்னுதான் வச்சேன்! திறந்து பாரு. திற! நிறைய இருக்குல்ல? நாலு வாரத்துக்கு மேல ஆச்சு, நான் இதை வாங்கி வச்சு. சோதனை எதிரிலேயே இருக்கணும், அதை ஜெயிக்கணும்னு வச்சேன். பொடி போடுறவன் டப்பி இப்படித் ததும்புமா? நீயே சொல்லு. இந்த நிறைஞ்ச டப்பிதான் எனக்குச் சாட்சி!"

அடைக்கலமேரி டப்பியைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள்.

"ததும்பாம என்ன செய்யும்? அது நாலாவது மட்டைங்க."

"என்ன?"

"மொத மட்டை நீங்க வாங்கினது. பொறகு மூணு மட்டை செபமாலை அண்ணன்கிட்டச் சொல்லி நான் வாங்கிப் போட்டேன். நீங்க பள்ளிக்கூடம் போனதும் தூள் அள்ள வருவேன்ல, அப்ப."

வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் சொன்னபடி தணித்துச் செய்த மேடையாகையால் முழங்கால் சுகமாக உள்ளே போயிற்று.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"ஒங்க தும்மல் நின்ன அன்னைக்கே. பொடி போட்ட மூக்கு தூளுக்குத் தும்மாதுங்க. பொறகு பள்ளிக்கூட மணி மாதிரி அரைமணிக்கு ஒண்ணு தும்முனீங்களே, அப்ப உறுதியாச்சு."

"அன்னைக்கே கேட்டிருக்கலாமே!"

"கேட்டிருந்தா வெக்கப்பட்டு ரம்பத்தைக் கீழ போட்டிருப்பீங்க. பொடி தீந்து போயிருந்தாலும் பட்டறைப் பக்கம் வந்திருக்க மாட்டீங்க. மேசை பாதியில நின்னுருமே."

"மேசையா? இது ரம்ப மேடை!"

அவள் வீட்டுக்குள் போய், பழைய சேலையில் பொதிந்ததை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். சேலையை அவிழ்த்தாள். கறுப்பு மிஷின் வெளிவந்தது. அதைத் தூக்கி மேல்பலகைப் பள்ளத்தில் வைத்தாள். நூல் முடிச்சின் அளவு அணுவும் பிசகவில்லை. 'டக்' என்று போய் உட்கார்ந்தது. நாற்காலியும் சரியான உயரம். காலுக்கும் இடம்.

"இது மோசம், அடைக்கலம்! என் சபதம் கெட நீயும் கூட்டு!"

"ஆமாங்க. என் பங்கை நேத்தே பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன். ஒங்க பங்குதான் பாக்கி. கோயில்ல சாமியார் இன்னும் உக்காந்திருக்காரு, வெரசாப் போயிட்டு வாங்க."

வாத்தியார் எழுந்தார். மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டார். வாசற்படி வரை போனவர் திரும்பி, சுவரில் சாய்ந்து நின்ற ரம்பத்தைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அப்ப... இதை எங்க வைக்கிறது?"

அடைக்கலமேரி ஊசியில் நூல் கோத்தபடியே பழைய சேலையை அவர் பக்கம் தள்ளினாள்.

"கட்டிலுக்கு அடியில எடம் காலியாத்தாங்க இருக்கு. அடுத்த மாசம் ஒரு மேடை செஞ்சுக்கலாம்."