ஒரே சொடுக்கில் முந்நூறு சந்தேகங்கள்

படித்தவன் செய்கிற தப்பு எப்போதும் சலவை செய்த சட்டை மாதிரி இருக்கும். பார்த்தால் தப்பு என்றே தெரியாது. நான் செய்தது அந்த வகை. முப்பது வருடத்துக்கும் மேல் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்த நான், ஒரே நாளில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளின் பெருக்கல் வாய்ப்பாட்டைப் பொய்யாக்கினேன்.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. ஓய்வுபெற்று சேலையூர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் கணக்குப் பழக இலவச மென்பொருள் ஒன்று இருந்தது. பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதியது. அதன் தமிழாக்கக் குழுவுக்கு நான் ஒருங்கிணைப்பாளர். குழு என்றால் நானும் நஸ்ரீனும். (மூன்றாவதாக ஒருவர் இருந்தார். பண்டிகைக்குப் பண்டிகை வாழ்த்து அனுப்புவார்.) நஸ்ரீனுக்கு சிறுசேரியில் மென்பொருள் சோதிக்கும் வேலை. வாரமெல்லாம் ஊரார் தப்பைக் கண்டுபிடித்துவிட்டு, சனி ஞாயிறில் என் தப்பைக் கண்டுபிடிப்பாள். இரண்டு வருடமாக முக்கால்வாசி வரிகளை மொழிபெயர்த்தவள் அவள். கூட்டங்களில் பேசியவன் நான்.

கூடுவாஞ்சேரியில் அவள் படித்த பள்ளியில் புதிதாகக் கணினி அறை திறக்க இருந்தார்கள். தலைமையாசிரியை சிஸ்டர், "தமிழ்ல ஒழுங்கா ஓடினா போடறேன், இல்லேன்னா இங்கிலீஷ்லயே வாங்கிடுவேன்" என்று நஸ்ரீனிடம் சொல்லியிருந்தார். அவளுடைய இரண்டு வருட உழைப்பும், அந்தப் பள்ளியில் அவளுக்கு இருந்த நல்ல பெயரும் அந்த 'ஒழுங்கா'வில் தொங்கின.

இங்கே ஒரு தொழில்நுட்ப விஷயம், பயப்பட வேண்டாம். ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் மூல ஆங்கில வாக்கியங்கள் கொஞ்சம் மாறும். மாறிய வாக்கியத்துக்கு, பழையவற்றில் எது ஏறக்குறைய அதே சாயலில் இருக்கிறதோ அதன் தமிழைக் கருவியே எடுத்து ஒட்டிவிட்டு, பக்கத்தில் ஒரு சந்தேகக் குறி போடும். 'இது என் ஊகம், மனிதர் யாராவது பாருங்கள்' என்று அர்த்தம். குறி இருக்கும்வரை அந்த வரி முடிந்ததாகக் கணக்கில்லை. பெரும்பகுதி முடியாத மொழிக்கு வெளியீட்டில் இடமும் இல்லை.

அந்த முறை முந்நூற்றுக்கு மேல் குறிகள். திங்கள் மதியம் கெடு. காலையில் நஸ்ரீன் போன் செய்தாள்.

"சார், ஆபீஸ்ல மாட்டிக்கிட்டேன். இந்த ரிலீஸ் போனா போகட்டும், சிஸ்டர்கிட்ட நான் பேசிக்கறேன். குறி போட்ட வரியை மட்டும் பாக்காம விட்டுடாதீங்க."

"எனக்குத் தெரியாதாம்மா?" என்றேன்.

தெரியும். அதுதான் இந்தக் கதையின் கேவலம். பதினொன்றரை வரை நாற்பது வரி பார்த்தேன். பிறகு எந்த மொழி எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டியலைப் பார்த்தேன். பக்கத்து மாநில மொழிக்கு முழுப் பச்சைக் கோடு. நமக்குப் பாதி மஞ்சள். என் தமிழ்ப் பற்று பொங்கியது. (பொறாமை என்று பிறகுதான் பெயர் தெரிந்தது.) கோப்பைத் திறந்தேன். தேடு: சந்தேகக் குறி. மாற்று: ஒன்றுமில்லை. ஒரே சொடுக்கு. முந்நூறு சந்தேகமும் தீர்ந்தது. கோடு பச்சையானது.

"என்ன, இந்த வயசுல விசிலு?" என்றாள் என் மனைவி கிரேஸ்.

"தமிழ் உள்ள போயிடுச்சு!"

"நல்லது. நீங்களும் உள்ள வாங்க, சோறு ஆறுது."

பத்து நாள் கழித்துப் பள்ளியில் செயல்விளக்கம். நஸ்ரீன் அரைநாள் விடுப்புப் போட்டு வந்திருந்தாள். "எல்லாக் குறியும் பாத்துட்டீங்கல்ல சார்?" "பாத்தாச்சு." (பொய் எண் ஒன்று.)

நாலாம் வகுப்பிலிருந்து இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமியை உட்காரவைத்தார்கள். ஏழு பெருக்கல் எட்டு. ஐம்பத்தாறு என்று தட்டினாள். திரை சொன்னது: 'விடை தவறு. மீண்டும் முயல்க.' மறுபடி ஐம்பத்தாறு. மறுபடி தவறு. ஐம்பத்தைந்து போட்டாள், அதுவும் தவறு. 'சரியான விடை' என்பதற்கான புது ஆங்கில வாக்கியத்துக்கு, கருவி 'தவறான விடை'யின் தமிழை ஒட்டியிருந்தது. அதன் கண்ணுக்கு இரண்டும் ஒரே சாயல்.

"மிஸ், வாய்ப்பாட்ட மாத்திட்டாங்களா?" என்று கேட்டவள், பதில் வருமுன் அழ ஆரம்பித்தாள்.

சிஸ்டர் கணக்கில் முதுகலை. "தள்ளும்மா" என்று தாமே உட்கார்ந்தார். ஐம்பத்தாறு. தவறு. எழுந்து போகலாம் என்று பார்த்தால் 'வெளியேறு' பொத்தானில் 'இன்னொரு கணக்கு' என்றிருந்தது. சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் மூன்றாம் வகுப்புக்கு இறங்கிவிட்டேன்.

"யார் சார் செஞ்சது இது?"

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சின்னவங்க, சிஸ்டர். அவசரத்துல பண்ணிடறாங்க."

குழுவில் சின்னவங்க ஒருத்திதான். அவள் என் பக்கத்தில் நின்றிருந்தாள்.

திரும்பும்போது மின்சார ரயில் ஊரப்பாக்கம் தாண்டியது. பிறகு, "சார், ஸ்டாஃப் ரூம்ல டீ குடிக்கும்போதே லாக் பாத்துட்டேன். கடைசியா மாத்தினவர் பேரு, நேரம், எல்லாம் இருக்கு" என்றாள்.

"அப்ப ஏம்மா சிஸ்டர்கிட்ட சொல்லல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

வீட்டுக்குப் போகத் தாம்பரத்தில் இறங்க வேண்டியவன், வண்டலூரிலேயே இறங்கினேன். "சார், தாம்பரம் இன்னும் வரல!" என்று கத்தினாள். கூடுவாஞ்சேரிக்கே திரும்ப எதிர்ப்பக்க ரயில் பிடித்தேன். சிஸ்டர் கேட்டருகே நின்று பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "எங்கிட்ட சொல்லி என்ன சார் ஆகப்போகுது? நாளைக்கு வந்து அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க. அப்புறம் நஸ்ரீன் வரிக்கு வரி பாத்து முடிக்கட்டும். அவ சரின்னு சொன்னா போடறேன். நீங்க சொன்னா இல்ல" என்றார்.

மறுநாள் நாலாம் வகுப்பு முழுவதன் முன்னாலும் சொன்னேன். அந்தச் சிறுமி பெருந்தன்மையாக, "பரவால்ல சார், அடுத்த தடவை பாத்துப் போடுங்க" என்றாள். அவள் மிஸ் அவளிடம் அப்படித்தான் சொல்வாராம்.

ஜூனில் கணினி அறை தமிழில் திறந்தது. அதற்குள் நஸ்ரீன் ஒருங்கிணைப்பாளர் ஆகியிருந்தாள். நான் அவள் பார்த்து ஒப்பாத ஒரு வரியும் அனுப்ப முடியாத தன்னார்வலன். அவள் திருமணத்தில் மாமியாரிடம் என்னை அறிமுகம் செய்தாள்: "இவர் எங்க டீம் சார். மிஷினே சந்தேகப்படற எடத்துல இவர் சந்தேகப்பட மாட்டார்." கிரேஸ் சிரித்த சிரிப்பில் பிரியாணிப் பந்தியே திரும்பிப் பார்த்தது.

இப்போதும் வீட்டுக்கு வந்தவர்களுக்கு நான் ரயில் நேரமோ மருந்தின் பெயரோ சொல்ல வாயெடுத்தால் கிரேஸ் உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்: "பாத்துச் சொல்றீங்களா, ஊகமா?"

"ஊகம்" என்று ஒப்புக்கொண்டு கண்ணாடியைத் தேடப் போவேன்.