அப்பாவின் ஆஸ்டின் சாவி

“சாவி இல்லேன்னா சுவிட்சையே மாத்திட வேண்டியதுதான் சார்,” என்றார் மெக்கானிக் ஐயாவு, ஆஸ்டின் காரின் டேஷ்போர்டுக்கு அடியில் படுத்தபடி. “எங்க தொலைச்சீங்க?”

“எங்கயோ,” என்றார் ரெமிஜியஸ் வாத்தியார்.

எங்கே என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அப்பா பெரியநாயகசாமி தம் ஜெபமாலையில் ஒரு சாவியைக் கோத்து வைத்திருந்தார். கண் மங்கிக் கார் ஓட்டுவதை விட்ட பிறகும் தினமும் காருக்குள் உட்கார்ந்து அதை உருட்டிக்கொண்டே செபம் சொல்வார். பிள்ளைகள் யாரையும் ஸ்டீயரிங்கைத் தொட விட்டதில்லை. அவர் இறந்த அன்று அந்த ஜெபமாலையை அழுதுகொண்டே அவர் கையில் சுற்றிவிட்டவர் ரெமிஜியஸ்தான். அடக்கம் முடிந்து, வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் சாவி நினைவுக்கு வந்தது. கல்லறையைத் தோண்டலாமா என்று பங்குச் சாமியாரிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

நாளை முப்பதாம் நாள் பூசை. அடக்கத்துக்கு லீவு கிடைக்காத அண்ணன் ஜெரால்ட் மஸ்கட்டிலிருந்து வருகிறார். கோபம் வந்தால், தம்பி ஊருக்கே வாத்தியார் என்றெல்லாம் பார்க்காமல் கன்னத்தில் அறைந்துவிடுகிற அண்ணன்.

“அப்பா காரை நான்தான் கோயிலுக்கு ஓட்டணும். பூசை முடிஞ்சதும் அவர் பீரோவைத் திறப்போம். நான் வர்ற வரைக்கும் அதை யாரும் தொடக்கூடாது,” என்று போனில் சொல்லியிருந்தார். “கார் சாவி பத்திரம்தானே?”

“அது எங்கயும் போகாதுண்ணே.”

அதில் பொய் ஒன்றும் இல்லை. பீரோ சாவியைப் பற்றி ரெமிஜியஸுக்குக் கவலையே இல்லை. அது வீட்டுக்குள் இருதயநாதர் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கியது.

தஞ்சாவூர் முழுக்க அலைந்தும் ஆஸ்டினுக்குச் சுவிட்ச் கிடைக்கவில்லை. புதுசு புதுசாகக் கார் இறங்குகிற காலத்தில் இந்தக் கிழட்டு வண்டிக்கு யார் சாமான் வாங்கி வைப்பார்கள்? ஐயாவு ஒரு டிராக்டர் சுவிட்சை அதன் சாவியோடு கொண்டுவந்தார். அது ஓட்டைக்குள் நுழையவில்லை. ஓட்டையைப் பெரிதாக்கியதில் டேஷ்போர்டு விரிசல் விட்டது.

வயரை மாட்டிச் சாவியைத் திருப்பியதும் ஹாரன் அலறியது. திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவே எட்டிப் பார்த்தது.

“நிறுத்துங்க ஐயாவு, மானம் போவுது!”

ஹாரனைத் துண்டித்தார். இஞ்சின் கிளம்பியது. சாவியை உருவிய பிறகும் ஓடிக்கொண்டே இருந்தது.

“கிளம்பணும்னுதானே சார் சொன்னீங்க?”

“நிக்கவும் வேணாமா? எங்கண்ணன் பீடம் வரைக்கும் ஓட்டிட்டுப் போயிடுவாரு!”

ஒருவழியாகப் பொழுது சாய்வதற்குள் கார் சாவிக்குக் கிளம்பி, சாவிக்கு நின்றது. ரெமிஜியஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிலுவை போட்டுக்கொண்டார்.

அப்போது அவர் மனைவி அருள்மேரி கையில் பீரோ சாவியோடு வாசலுக்கு வந்தாள்.

“நாளைக்குப் பெரியத்தான் முன்னாடி மக்கர் பண்ணக் கூடாதேன்னு பீரோவுல போட்டுப் பார்த்தேன். நுழையவே மாட்டேங்குதுங்க.”

ஐயாவு அதை வாங்கிப் பார்த்தார். கழற்றிப் போட்டிருந்த பழைய கார் சுவிட்சில் செருகினார். வெண்ணெயாய்த் திரும்பியது.

“சார், இதுல்ல கார் சாவி!”

ரெமிஜியஸ் கார் கதவைப் பிடித்துக்கொண்டார்.

“கிடைச்சிடுச்சா? மாதாவுக்கு ஸ்தோத்திரம்!” என்றாள் அருள்மேரி. “அப்ப பீரோ சாவி எங்கங்க?”