நின்ற பிறகும் உறுமும் வண்டி

பாசத்துக்குரிய மச்சினனுக்கு உன் அத்தான் எழுதுவது. இங்கே நான் இருக்கிறேன். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. சுகமில்லை என்று எழுதினால் நீ பதறுவாய். ஆகவே இருக்கிறேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அங்கே நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் சௌக்கியம்தானே? போனில் பேசினால் நீ குறுக்கே புகுந்து யோசனை சொல்வாய் என்பதால் இந்தக் கடிதம்.

விஷயம் கார்தான். உன் அக்காவுக்குச் சத்தம் ஆகாது என்று நாலு பேரிடம் விசாரித்து, பாதி பெட்ரோல் பாதி பேட்டரி என்று அந்த ஹைபிரிட் வண்டியை எங்கள் தலையில் கட்டியவன் நீ. சிக்னலில் நின்றால் எஞ்சின் தானாக அடங்கிவிடும், பூனை மாதிரி இருக்கும் என்றாய். பூனையாகத்தான் இருந்தது. உன் அக்கா போய்ச் சேர்ந்து, காரியங்கள் எல்லாம் முடிந்து, ஷெட்டில் தூங்கிய வண்டியை மறுபடி நான் வெளியே எடுத்த நாளிலிருந்து அது சிங்கமாகிவிட்டது. நின்றாலும் உறுமல், ஊர்ந்தாலும் உறுமல். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஸ்கூட்டர்காரன், "பெருசு, ரேஸுக்கா கிளம்பிட்டீங்க?" என்று கேட்கிறான். வாசலில் நிறுத்திக் கேட் திறப்பதற்குள் மாடி வீட்டு டீச்சரம்மா ஜன்னலைப் படாரென்று சாத்துகிறாள்.

ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அங்கே தலைமை மெக்கானிக்குக்குப் பீமன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆளைப் பார்த்தால் உனக்கே விளங்கும். முதலில் பானெட் சரியாக மூடவில்லை என்றான். பிறகு, "நீங்க பிரேக்க அழுத்தி மிதிக்கல சார்" என்றான். மிதித்தேன், முழங்கால் வீங்கியதுதான் மிச்சம். பேட்டரிக்குக் காற்றடிக்கும் ஃபேனில் தூசி என்று துடைத்தான். எஞ்சின் சூடேறவில்லை போலிருக்கிறது என்று தெர்மோஸ்டாட்டை மாற்றினான். சிங்கம் அசையவில்லை.

இதற்கு நடுவே இன்னொரு கூத்து. மார்க்கெட்டில் வாங்கும் கீரையை முன் சீட்டில் வைப்பேன், வீடு சேர்வதற்குள் வதங்கிக் கிடக்கும். வெண்ணெய் எண்ணெயாகிவிடும். கடைக்காரனிடம் சண்டைக்குப் போனேன். "காலைல பறிச்சதுன்னு சொன்னியே, இதப் பாரு!" என்றால், அவன், "ஐயா, என் கையில இருந்த வரைக்கும் அது உயிரோடதானே இருந்துச்சு? உங்க கைக்கு வந்தப்புறம் நான் என்ன பண்ணட்டும்?" என்கிறான். கீரையைத்தான் சொன்னான், எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வதங்கின கட்டையே எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

கடைசியில் பீமனே என்னோடு வண்டியில் வந்தான். பக்கத்து சீட்டில் ஏறியவன் ரெண்டு தெரு தாண்டுவதற்குள் சட்டைப் பொத்தானைக் கழற்றினான், துண்டால் முகம் துடைத்தான், அப்புறம் அலறினான். "சார், நான் அவிஞ்சு போயிட்டேன்! உங்க பக்கம் மார்கழி, என் பக்கம் சித்திரையா?" முன்னால் குனிந்து பார்த்தான். "ஐயோ சார், இந்தப் பக்கத்துக்கு மட்டும் ஹீட்டர முழுசா வெச்சிருக்கு. ஹீட்டருக்குச் சூடு எஞ்சின்லேர்ந்துதான் வரணும். அப்புறம் அது எப்படி அடங்கும்? யார் சார் வெச்சது?"

"வீட்டுக்காரம்மா."

"இனிமே கொறச்சு வெச்சுக்கச் சொல்லுங்க சார்."

"சொல்றேன்" என்றேன். வேறென்ன சொல்ல?

கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அவளுக்குக் குளிர். போர்வைக்குள் இருந்து கையை மட்டும் நீட்டி அந்த ஹீட்டர் குமிழைத் திருகுவாள். அப்போதும் எஞ்சின் உறுமியிருக்கும். அதைக் கேட்க எனக்குக் காது எங்கே இருந்தது?

பீமன் குமிழைத் திருப்பினான். அடுத்த சிக்னலில் எஞ்சின் கப்சிப். குழந்தை மாதிரி கைதட்டினான். அவனை இறக்கிவிட்டுத் தனியே திரும்பினேன். சிக்னலுக்குச் சிக்னல் அந்த அமைதி வந்து உட்கார்ந்துகொண்டது. சத்தம் இருந்தவரை எரிச்சலாவது துணைக்கு இருந்தது. இப்போது அதுவும் போச்சு. எனக்கு இந்த வண்டி வேண்டாமப்பா. நீ வாங்கித் தந்தது, நீயே வந்து எடுத்துக்கொண்டு போ. நான் பஸ்ஸில் போய்க்கொள்வேன்.

பிள்ளைகள் அடித்துக்கொள்ளாமல் படிக்கட்டும், தங்கச்சியின் கைவலி தீரட்டும், உன் முன்தலையில் மிஞ்சியிருக்கும் நாலு முடியாவது நிலைக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: தபால் பெட்டி ஓரம் வண்டியை நிறுத்தி இதைச் சேர்க்கிறேன். வழியில் முதல் சிக்னலிலேயே குமிழைப் பழையபடி திருகிவிட்டேன். எஞ்சின் உறுமிக்கொண்டிருக்கிறது, டீக்கடையில் எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். பக்கத்து சீட்டில் கை வைத்தேன். யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி வெதுவெதுப்பு. ஆகவே வண்டியை எடுக்க வராதே. சும்மா வா, ரெண்டு பேருமாக ஒரு சுற்றுப் போய்வருவோம். மெல்லிய சட்டையாகப் போட்டுக்கொள். அந்தப் பக்கம் கொஞ்சம் சுடும்.