ஜானகிராமன் மெழுகொடு பொருத படலம்

வாழி, வெண்மேலங்கி வேந்தன்! வாழி, பூந்தமல்லி நெடுஞ்சாலையோரத்து மருத்துவமனையின் திசு ஆய்வுக்கூடத்தில், யுத்தகாலச் சித்திரை வெயிலையும் சுழல மறுத்த மின்விசிறியின் துரோகத்தையும் ஒருங்கே தாங்கி நின்ற கூர்ங்கத்திக் கோமான் ஜானகிராமன்!

அவன்முன் கிடந்தவை, வேலப்பன்சாவடி நாகம்மாளின் முழங்கால் கட்டியிலிருந்து கொய்த, கடலைப்பருப்பினும் சிறிய சதைத்துணுக்குகள். அவற்றை மெழுகில் பதித்து, மெல்லிதாய்ச் சீவி, நுண்ணோக்கியில் கண்டால்தான் புற்றா அன்றா என்பது புலப்படும். புலப்படாவிட்டாலும் காலை எடுத்துவிடுவதென்று அறுவை மருத்துவர் திருவுளம் கொண்டிருந்தார். "ஒத்தக் காலோட கழனில எப்டி சார் எறங்கறது?" என்று மட்டும் அவள் கேட்டிருந்தாள்.

அந்தோ விதி! கத்தி தொட்டதும் மெழுகு நின்றது. உள்ளிருந்த சதையோ மதயானை மிதித்த அப்பளமெனப் பொடிந்தது. வெயிலில் மெழுகு இளகிற்றென்று பனிக்கட்டிப் படையை ஏவினான், பொடிந்தது. பகைவர் முடிகொய்யும் வாளெனக் கத்தியைத் தோல்வாரில் தீட்டினான், பொடிந்தது. மெழுகு விற்ற கம்பெனியையும், நல்ல மெழுகு வந்த கப்பலைக் கவிழ்த்த ஜெர்மானியனையும், தன் ஜாதகத்தையும் சபித்தான், அப்போதும் பொடிந்தது. எஞ்சியது ஒரே துணுக்கு.

அப்போதுதான் அச்சிங்கத்துக்கு அறிவு பிறந்தது. நீர் முற்றும் நீங்காத சதைக்குள் மெழுகு புகாதன்றோ! சதையின் நீரை நீக்கும் தூய சாராயத்தில் சிறிது எடுத்து, நீர் பட்டால் கலங்கும் சைலால் என்னும் திரவத்தில் வார்த்தான். தெளிந்து நிற்க வேண்டிய அது, திருமால் துயிலும் பாற்கடலென வெளுத்தது. சாராயத்தில் தண்ணீர்!

கூடம் பெருக்கும் கோதண்டத்தை விசாரித்தான். அவன் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, "இன்னா சார், ஒங்களுக்குத் தெரியாதா? நம்ம லேபு பெரிய டாக்டரு ராஜசேகரன் ஐயாதான் சாயங்காலமானா அதுல கொஞ்சம் ஊத்திக்கினு, கொறைஞ்சதுக்குத் தண்ணி ஊத்தி வெச்சுட்டுப் போறாரு" என்று திருவாய் மலர்ந்தான்.

மேலதிகாரியோடு பொருவது வீரமேயெனினும் வேலையும் வேண்டுமாதலால், நம் வீரன் தண்ணீரோடு மட்டுமே பொருதான். மயில்துத்தத்தை வெண்பொடியாகும்வரை வறுத்துச் சாராயத்தில் இட்டான். அது நீரையெல்லாம் பருகி, நஞ்சுண்டோன் மிடறென நீலமாயிற்று. வடித்த சாராயத்தில் கடைசித் துணுக்கை நீராட்டி, அன்று, நீர் நீக்காட்டி, மெழுகில் பதித்து, மூச்சடக்கிச் சீவினான். முல்லையிதழென முழுதாய் வந்தது சீவல்! கட்டி புற்றன்று, மூட்டைப் பற்றிய காசநோய் என்று நுண்ணோக்கி முழங்க, நாகம்மாள் மாவுக்கட்டுப் போட்ட காலோடு, ஆயினும் காலோடு, மாட்டுவண்டியேறி ஊர் சேர்ந்தாள்.

சாராய அலமாரிக்கு ஒரு பூட்டு வாங்கி, சாவியை ராஜசேகரனிடம் கொடுத்தார்கள்.