அதிகாரபூர்வ எடை நூற்றைம்பது கிலோ

காலையில் நான் எழுந்தால் என் இடுப்பு என்னோடு எழுந்திருப்பதில்லை. ஐந்து நிமிடம் கழித்து, அதற்குத் தோன்றும்போது வருகிறது. இதை யாரும் நோய் என்று நினைத்துவிடக் கூடாது. மனித குலம் விண்வெளியை வென்ற வரலாற்றை என்றைக்காவது ஒழுங்காக எழுதினால், அதன் முதல் அத்தியாயம் என் முதுகெலும்பின் அடியில்தான் தொடங்கும். இரண்டாவது அத்தியாயம் எங்கள் பிரிகேடியர்.

அவர் ராணுவப் பொறியாளர். விண்வெளி அமைப்புகள் ஆராய்ச்சி நிலையத்துக்கு அவர் கேப்டனாக வந்தபோது, செயற்கைக்கோள் இரண்டு வருடத்தில் மேலே போய்விடும் என்றார்கள். இரண்டு வருடம் போனது. இன்னும் இரண்டு வருடம் என்றார்கள், அவர் மேஜரானார். திட்டம் தள்ளிப்போகப் போக அவர் மேலே போய்க்கொண்டிருந்தார். இத்தனை காலத்தில் எங்கள் நிலையம் தரையிலிருந்து உயர்த்திய ஒரே பொருள் அவர்தான். இதைச் சாதனை இல்லை என்று சொல்கிறவனுக்கு அறிவியல் தெரியாது.

நான் சுமை தூக்குகிறவன். அப்பா சிமெண்டு மூட்டை தூக்கினார். அம்மா செங்கல் தூக்கினாள். நான் செயற்கைக்கோள் தூக்குகிறேன். ஒரே தலைமுறையில் இவ்வளவு வளர்ச்சி.

செயற்கைக்கோள் என்றால் நிஜம் இல்லை. நிஜம் இன்னும் காகிதத்தில் இருக்கிறது. அது எவ்வளவு கனம் இருக்குமோ அவ்வளவு கனத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி செய்து, 'எடை மாதிரி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நூற்றைம்பது கிலோ. பெரிய மனிதர்கள் பார்வையிட வந்தால் நாங்கள் நாலு பேர் நாலு மூலையைப் பிடித்து, இருபத்திரண்டு படி ஏறி, காட்சிக்கூடத்தில் வைக்க வேண்டும். அவர்கள் அதைத் தட்டிப் பார்த்து, "பிரமாதம்" என்பார்கள். பிறகு இறக்க வேண்டும். முன் இடது மூலை எனக்கு.

"லிஃப்ட் இருக்கே சார்?" என்று பிரிகேடியரிடம், அவர் மேஜராக இருந்தபோது, ஒருமுறை கேட்டேன்.

"லிஃப்ட் அதிரும். இது நுட்பமான பொருள்ப்பா."

"இரும்புப் பெட்டிதானே சார்?"

"நிஜமானது நுட்பமா இருக்கும். இது அதோட மாதிரி. அப்ப இதையும் அப்படித்தானே நடத்தணும்?"

இந்தப் பதிலைச் சொல்ல ஒரு மனிதர் எத்தனை வருடம் படித்திருக்க வேண்டும்!

ஒவ்வொரு வருகைக்கும் முந்தைய நாள் பெயிண்டர் வருவார். புது விருந்தாளிக்குப் புது வண்ணம், அது நிலையத்தின் மரபு. பழைய பூச்சைச் சுரண்டக் கூடாது. சுரண்டுவதற்கு வேறு துறை, வேறு அனுமதி. எனவே மேலேயே பூசுவார். வெள்ளை மேல் நீலம், நீலம் மேல் வெள்ளி, வெள்ளி மேல் மறுபடி வெள்ளை.

மூட்டை தூக்கி வளர்ந்தவனுக்குத் தோளே தராசு. ஒருநாள் படி இறங்கி வந்ததும் சொன்னேன்: "சார், பெட்டி கனம் ஏறிடுச்சு. ஆறு கிலோவாவது கூட இருக்கும்."

அப்போது அவர் கர்னல். கோபப்படவில்லை, விஞ்ஞானி அல்லவா? தராசைக் கொண்டுவரச் சொன்னார். பெட்டியை ஏற்றினோம். நூற்றைம்பத்தாறு காட்டியது. கர்னல் அதைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார்.

"தராசு கெட்டுப்போச்சு" என்றார்.

பெட்டி நூற்றைம்பது கிலோ என்று உத்தரவு இருக்கிறது. தராசு சரியானது என்று எந்த உத்தரவும் இல்லை. எனவே தராசைத் திருத்தினார்கள். அன்றிலிருந்து நிலையத்தில் எதை நிறுத்தாலும் ஆறு கிலோ குறைந்தது. கேன்டீனுக்கு உருளைக்கிழங்கு போடுகிறவர் அழாத குறை. வருடாந்தர சோதனையில் காவலர்கள் எல்லோரும் ஆளுக்கு ஆறு கிலோ இளைத்திருந்தார்கள். 'உடல்தகுதி இயக்கம் மாபெரும் வெற்றி' என்று சுற்றறிக்கை வந்தது.

அந்த மாதமே, பதினேழாவது படியில், என் இடுப்பில் ஏதோ மளுக்கென்றது. பின் மூலையைப் பிடித்திருந்தவன் என் மைத்துனன்.

"என்ன மாமா நின்னுட்டீங்க?"

"நான் நிக்கலைடா. இடுப்பு நின்னுடுச்சு."

"விட்டுடாதீங்க மாமா! விண்வெளி உருண்டு என் தலையில விழும்!"

விடவில்லை. மேலே கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் விழுந்தேன். கர்னல் ஓடி வந்தார். குனிந்தார். பெட்டியின் நாலு மூலையையும் தடவிப் பார்த்தார். "நல்லவேளை, ஒண்ணும் ஆகலை" என்றார்.

இனிமேல் கனம் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். கருவி அறையில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் வேலை ஒன்று காலியாக இருந்தது. அது கிடைக்க வேண்டுமானால் விபத்து அறிக்கை வேண்டும். அறிக்கையில் கர்னல் கையெழுத்து வேண்டும். எழுதிக் கொண்டுபோனேன்.

"'தூக்கிய எடை நூற்றைம்பத்தாறு.' என்னப்பா இது?"

"தூக்கினது அதுதான் சார்."

"அதிகாரபூர்வ எடை நூத்தம்பது. பொய்த் தகவலுக்குக் கீழே நான் கையெழுத்துப் போடலாமா?"

"அப்ப நூத்தம்பதுன்னே போட்டுடறேன் சார்."

"நூத்தம்பது நாலு பேர் தூக்க அனுமதிச்ச எடை. அனுமதிச்ச எடையில இடுப்பு பிடிக்காது. அப்படிப் போட்டா இது விபத்தே இல்லையே!"

எவ்வளவு அக்கறை! நான் பொய் சொல்லவும் விடவில்லை, உண்மை சொல்லவும் விடவில்லை. அறிக்கையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"ஏங்க, உங்க கர்னல்கிட்ட பேனா இல்லையா?" என்றாள் மனைவி, தைலம் தேய்த்துக்கொண்டே.

"மூணு வச்சிருக்கார்."

"அப்புறம் என்னவாம்?"

"பெட்டி எடை தப்பாம்."

"ஒரு நாள் உங்க மூலையை அவரைப் பிடிக்கச் சொல்லுங்க. எடை தன்னால சரியாயிடும்."

விண்வெளி ஆராய்ச்சி பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது, பாவம்.

அடுத்த இரண்டு வருடம் பெயிண்ட் டெண்டர் வழக்கில் மாட்டிக்கொண்டது, பூச்சு இல்லை. ஆனால் விருந்தாளிகள் வந்தார்கள். நாங்கள் ஏறினோம், இறங்கினோம். முன் இடது மூலை எனக்கு.

இந்த வருடம் பார்வையிட வந்த ஓர் அம்மையார் மோதிரக் கையால் பெட்டியைத் தட்டினார். பிஸ்கெட் தடிமனுக்கு ஒரு பெயிண்ட் சில்லு பெயர்ந்து விழுந்தது. கர்னல் அதை எடுத்து விளிம்பைப் பார்த்தார். வெள்ளை, நீலம், வெள்ளி, வெள்ளை. பூதக்கண்ணாடி வைத்து எண்ணினார். இருபத்தொன்பது பூச்சு. கணக்குப் போட்டார். ஆறு கிலோ!

"எனக்குத் தெரியுமேப்பா" என்றார் பெயிண்டர் என்னிடம். "யாரும் கேக்கலை."

'தொடர் மேற்பூச்சினால் விளையும் நிறைப் பெருக்கம்' என்று கர்னல் கட்டுரை எழுதினார். பதக்கம் வந்தது. பிரிகேடியரானார். பெட்டியின் எடை நூற்றைம்பத்தாறு என்று புது உத்தரவு வந்தது. திருத்திய தராசைத் திரும்பத் திருத்தினார்கள். காவலர்கள் எல்லோரும் ஒரே நாளில் ஆறு கிலோ பெருத்தார்கள்.

என் சந்தோஷத்தைக் கேட்க வேண்டுமா? பழைய அறிக்கையை எடுத்துக்கொண்டு ஓடினேன். அதாவது நான் ஓடினேன், இடுப்பு பின்னால் வந்தது.

"சார், இப்ப நூத்தம்பத்தாறு நீங்களே சொன்ன எடை. என் அறிக்கையிலயும் அதேதான்."

வாங்கிப் படித்தார். முகம் மலர்ந்தது. "அட, சரியா எழுதியிருக்கியே!" பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். முள் காகிதத்தைத் தொடப்போகும் நேரம், தேதி கண்ணில் பட்டது.

"இது ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எழுதினது."

"ஆமா சார்."

"ஆறு கிலோ கூடுதல்னு நான் கண்டுபிடிச்சது இந்த வருஷம்."

"ஆமா சார்."

"அன்னைக்கே உனக்குத் தெரியும்னு இதுல நான் கையெழுத்துப் போட்டா, அப்ப கண்டுபிடிச்சது யாரு?"

பேனாவை மூடினார்.

"நாளைக்குப் பாராட்டு விழா. பெட்டியை மேடைக்கு ஏத்திடுங்க. தங்க நிறம் அடிக்கச் சொல்லியிருக்கேன்."

முப்பதாவது பூச்சு. ஏற்றினோம். அதன் பக்கத்தில் நின்று பிரிகேடியர் நாற்பது நிமிடம் பேசினார். பணிவான மனிதர், கடைசியில் எங்கள் பக்கம் கையைக் காட்டி, "இந்தத் தோள்களுக்கு நாடே கடன்பட்டிருக்கிறது" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு கையால் இடுப்பைப் பிடித்திருந்ததால் நான் தட்டவில்லை.

நாட்டின் கடனை நாடு பார்த்துக்கொள்ளட்டும். விபத்து அறிக்கை, நாலாம் பக்கம், 'பொறுப்பு அதிகாரி' என்று அச்சடித்த இடத்துக்கு மேலே ஒரு கையெழுத்து. அதை அவர் எனக்குத் தர வேண்டும்.